புகைமூட்டமும் பாதுகாப்புப் பிரச்சினைதான்
நாட்டின் எல்லையை மட்டுமல்ல, மக்களின் அன்றாட வாழ்வையும் காப்பதுதான் மனிதப் பாதுகாப்பு. அது கேட்க இனிக்கும் வெற்றுப் பேச்சு, நாடுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தையில் அதற்கு இடமில்லை என்று அண்மையில் நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் முடித்துவிட்டார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2013 ஜூனில் இந்தோனீசியாவில் எரிந்த நிலங்களின் புகை சூழ்ந்தபோது, இங்கே சிங்கப்பூரில் காற்று மாசைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 401ஐத் தொட்டது. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சன்னல்களைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி செருகியும் கருகல் வாடை போகவில்லை. மாமியார் இன்ஹேலரைக் கீழே வைக்கவே இல்லை. கட்டுமானத் தளங்களில் வேலை செய்த தம்பிகள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! எல்லையில் ஒரு சிப்பாய்கூட அத்துமீறவில்லை, ஆனால் மூச்சுவிட முடியவில்லை.

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் புகைமூட்ட ஒப்பந்தம் 2002இல் கையெழுத்தானது. இந்தோனீசியா அதை உறுதிப்படுத்தியதோ 2014இல்தான். அந்தத் தாமதம்தான் எனக்கு வலிக்கிறது. 1994ஆம் ஆண்டின் ஐநா மனித மேம்பாட்டு அறிக்கையே உணவு, சுகாதாரம், சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் பாதுகாப்புக் கணக்கில் சேர்த்துவிட்டது. 2012இல் ஐநா பொதுச் சபையும் மனிதப் பாதுகாப்பு என்ற இந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டது. இதன் பெயரால் படைபலத்தைக் காட்டி மிரட்டக்கூடாது என்றும் தெளிவாகச் சொன்னது. அப்புறம் இறையாண்மை போய்விடும் என்று ஏன் பயப்பட வேண்டும்? சரி, நம் அரசாங்கம் ஆசியான் கூட்டங்களில் இதை விடாமல் வலியுறுத்தட்டும். சுமத்ராவில் கரிச்சதுப்பு நிலம் எரியும்போது முதலில் புகையைச் சுவாசிக்கும் கிராமத்து மக்களுக்காகவும் சேர்த்தே பேசட்டும்.