அட்டை கேட்கக் கூடாது

‘சேவை நாய்க்கு அடையாள அட்டை கட்டாயம்’ என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. (சேவை நாய் என்றால் குறைபாடு உள்ளவருக்கு உதவப் பழக்கிய நாய்.) அமெரிக்காவில் அப்படி இல்லை. 1990-இல் வந்த ஏடிஏ என்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி கடைக்காரர்கள் இரண்டே கேள்விகள்தான் கேட்கலாம்: உடல்/மனக் குறைபாட்டுக்காகத் தேவைப்படும் நாயா? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது? சான்றிதழ், ‘எங்கே, செய்து காட்டச் சொல்லுங்கள்’ எல்லாம் கேட்கக் கூடாது.

நியூஜெர்சியில் நான் பரிமாறிய உணவகத்தில், நாயோடு வந்த ஓர் அம்மாவிடம் முதலாளி அட்டை கேட்டார். பார்வையற்ற அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். மேசைக்கடியில் கருப்பு லாப்ரடார், சாம்பார் வாளி மூக்கை உரசிப் போனபோதும் தலையைத் தூக்கவில்லை. (எங்கள் வாடிக்கையாளர்களில் பலருக்கு அந்த ஒழுக்கம் கிடையாது.)

அப்புறம், பக்கத்து மேசைக்காரருக்கு நாய் பயம் என்பதும் மறுக்கக் காரணமாகாது. நாய் ரகளை செய்து, கூட வந்தவரும் அடக்காவிட்டால் வெளியேற்றலாம். வெறும் ஆறுதலுக்காக வளர்க்கும் நாய்க்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.