தண்ணீர் எங்கள் கிணற்றில், முடிவு பூட்டுக்குள்

நொய்யல் கரையில் கிணறு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆராய்ச்சி மாணவர்கள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போன கதையை. பாசனத்துக்கென்று 1992இல் வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரறிந்த விஷயம். இந்த ஆற்றை வைத்து வந்த ஆய்வுக் கட்டுரைகளும் ஏராளம். அவற்றில் பலதைக் கரையில் இருப்பவர்கள் படிக்க வழியில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

சென்னிமலைப் பக்கம் இருக்கும் பெரியப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, அன்னிக்கு நம்ம கெணத்துல தண்ணி மோந்துட்டுப் போனாங்களே, என்னதான் ஆச்சு?" தேடிப் பிடித்தேன். வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றின் இதழ். சுருக்கம் மட்டும் இலவசம், முழுக் கட்டுரைக்கு டாலரில் விலை. எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டதும் மறுநாளே அனுப்பிவிட்டார், நல்ல மனுஷர். திறந்தால் அட்டவணையில் ஊர்ப்பெயரே இல்லை. தண்ணீர் எடுத்த இடங்கள் நிலையம் 1, நிலையம் 2 என்று வரிசையாகப் போகின்றன. நிலையம் 7இல் உப்பு எக்கச்சக்கம். அது பெரியப்பா கிணறா, பக்கத்துத் தோட்டத்துக் கிணறா? வரைபடத்தில் கடுகளவு புள்ளிதான் இருக்கிறது.

எழுதியவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்குப் பதவி உயர்வு வருவது இதழின் பெயரைப் பார்த்து. கட்டுரைக்கும் காசு கிடையாது, அதைச் சரிபார்க்கும் சக ஆய்வாளருக்கும் காசு கிடையாது. விற்பவருக்கு மட்டும் உண்டு. சரி, எல்லோரும் படிக்கும்படி திறந்துவிடலாம் என்றால் எழுதியவர் கட்ட வேண்டும். பேர்பெற்ற அறிவியல் இதழ்களை நடத்தும் நேச்சர் குழுமம் 2021இல் அதற்கு வைத்த விலை ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ, அதன் சூழலியல் இதழுக்கும் அதே விலைதான். எங்கள் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர் எங்கே போவார்? காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சேற்றும் போலி இதழ்கள் இந்த இடைவெளியில்தான் பிழைக்கின்றன.

ஆய்வு இதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ஒதுக்கினார்கள். அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் விவசாயிக்கும், குளம் குளமாகப் பறவை எண்ணும் ஆர்வலருக்கும் அதில் கடவுச்சொல் கிடையாது.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு உதாரணம் கோயம்புத்தூரிலேயே உண்டு. அழியும் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களைப் பற்றிய ஆய்விதழான 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா' 2009 முதல் இங்கிருந்துதான் வருகிறது. தவளை, மீன், தட்டான், செடி என்று எல்லாம் இருக்கும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். ஊரில் இப்படி ஒன்று இருப்பது நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது!

அப்புறம் மொழி. உயிரினப் பாதுகாப்பு பற்றிய ஆங்கில ஆய்விதழ் 'கன்சர்வேஷன் பயாலஜி' கட்டுரைச் சுருக்கத்தை ஸ்பானிஷிலும் போடுகிறது. எங்கள் கிணற்றைப் பற்றிய கட்டுரைக்குத் தமிழில் ஒரு பக்கம் கேட்பது பேராசையா? ஆய்வுக்குப் பணம் தரும் அரசுத் துறைகள் இதை நிபந்தனையாக வைக்கட்டும்: தமிழில் ஒரு பக்கம், கிணற்றுக்காரர் கையில் அவர் கிணற்றின் அளவீடு.

ஆய்வு மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், இதழ் ஏற்றுக்கொண்ட பிரதியை உங்கள் பல்கலைக்கழகத் தளத்தில் போட அனுமதி உண்டா என்று பதிப்பக விதியைப் பாருங்கள். பல பதிப்பகங்கள் விடுகின்றன. சிலது ஓராண்டு பொறுக்கச் சொல்லும், அவ்வளவுதான்.