முயல் பல்லை நகவெட்டியால் வெட்டாதீர்கள்

"முயலின் முன்பல் நீண்டுவிட்டால் நகவெட்டியால் நறுக்குங்கள், வலிக்காது, டாக்டர் செலவு மிச்சம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். நகம் போல அது வளைந்து கொடுக்காது. நகவெட்டி இரு பக்கமும் அழுத்தும்போது பல் நெடுக்காகப் பிளக்கும். விரிசல் ஈறுக்குள் இறங்கினால் வேரில் சீழ் கட்டும். முயலின் சீழ் கெட்டித் தயிர் போல இருக்கும், தானாக வடியாது. பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. கால்நடை மருத்துவர் சுழலும் சிறு அரம் போன்ற கருவியால் தேய்த்துத்தான் குறைப்பார்.

இன்னொன்று: மொத்தம் 28 பற்களில் 22 கடைவாய்ப் பற்கள். வாயைத் திறந்து பார்த்தாலும் அவை தெரியாது. முன்பல் நீள்வதற்கு அங்குள்ள கோளாறே காரணமாக இருக்கலாம். கீழ்க் கடைவாய்ப் பற்களின் கூர்முனை நாக்கைக் கிழிக்கும். தாடை நனைந்திருப்பது, கேரட்டை வாயில் எடுத்துக் கீழே போடுவது, புழுக்கை சிறுத்துப்போவது எல்லாம் அதன் அறிகுறிகள். அதைச் சரிசெய்ய மயக்க மருந்து தேவை. அதற்காக முயலைப் பட்டினி போடவே வேண்டாம், அதற்கு வாந்தி வராது.

அரை நாள் சாப்பிடாவிட்டாலே அவசரம், குடல் நின்றுவிடும். தினமும் உலர்புல் தாராளமாகக் கொடுங்கள்.

மெர்க் கால்நடை மருத்துவக் கையேட்டின் முயல் பகுதி இணையத்தில் இலவசமாக உள்ளது, சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த வாட்ஸ்அப் தகவலைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.