இரண்டு ஓட்டு வித்தியாசம், கணக்கில் வராத 28,000 ஓட்டு

எந்த நாட்டில் தேர்தல் வந்தாலும் "ஒரு ஓட்டின் மதிப்பு தெரியுமா?" என்று ஒரு படம் வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். அதில் அடிக்கடி வருவது ஸ்காட்லாந்தின் நார்த் ஈஸ்ட் ஃபைஃப் தொகுதி. 2017 பிரிட்டிஷ் பொதுத்தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் (எஸ்என்பி) ஸ்டீஃபன் கெதின்ஸ் வாங்கியது 13,743. லிபரல் டெமாக்ரட் கட்சியின் எலிசபெத் ரிச்சஸ் வாங்கியது 13,741. மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்த பிறகு கடைசியில் நின்ற வித்தியாசம் இரண்டே ஓட்டு. "பார்த்தீங்களா, மூணு பேர் வீட்டுல தூங்காம ஓட்டு போட்டிருந்தா ரிசல்ட்டே மாறியிருக்கும்" என்று கீழே ஒரு வரி வேறு இருக்கும்.

சரி, தப்பில்லை. ஆனால் அந்தத் தொகுதியின் கதையைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் எனக்குக் கண்ணில் படுவது அந்த இரண்டு ஓட்டு இல்லை. அன்று அங்கே விழுந்த மொத்த ஓட்டு கிட்டத்தட்ட 41,800. ஜெயித்தவருக்கு விழுந்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 28,000 பேர் வேறு யாருக்கோ போட்டிருக்கிறார்கள், அவர்கள் ஓட்டால் எந்தப் பயனும் இல்லை. இதைப் போய் ஒவ்வொரு ஓட்டுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு உதாரணமாகக் காட்டுவது எனக்கு விநோதமாகத்தான் படுகிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எடின்பரோவுக்கு வடக்கே, ஃபோர்த் கழிமுகத்தைத் தாண்டினால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் ஃபைஃப். ஒரே கவுண்டி, ஆனால் அரசியலில் இரண்டு உலகம். மேற்கே நிலக்கரிச் சுரங்கங்கள். அங்கே வெஸ்ட் ஃபைஃப் தொகுதி 1935-இல் வில்லியம் கல்லாகர் என்ற கம்யூனிஸ்ட்டை நாடாளுமன்றத்துக்கு அனுப்பி 1950 வரை வைத்திருந்தது. கிழக்கே வயல்கள், பெரிய பண்ணையார்கள், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர் மாதிரி மீனவ ஊர்கள், அப்புறம் 1413-இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் கோல்ஃப் மைதானங்களுமாக செயின்ட் ஆண்ட்ரூஸ். சுரங்கத் தொழிலாளி இல்லாத இடத்தில் லேபர் கட்சிக்குப் பெரிய வேலை இல்லை. அதனால் இந்தப் பக்கம் நூறு வருஷமாகச் சண்டை பெரும்பாலும் லிபரலுக்கும் கன்சர்வேட்டிவுக்கும்தான்.

1886-இல் இங்கே வந்து நின்றவர் ஹெச். ஹெச். ஆஸ்குவித், லண்டனில் வக்கீல். ஊருக்கும் அவருக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. அப்போது ஈஸ்ட் ஃபைஃப் என்று பெயர். இருந்த லிபரல் எம்பி அயர்லாந்து சுயாட்சி விஷயத்தில் கட்சித் தலைவர் கிளாட்ஸ்டனோடு முரண்டு பிடித்ததால் உள்ளூர்க் கட்சிக்காரர்கள் அவரைக் கழற்றிவிட்டு இவரைக் கொண்டுவந்தார்கள். வந்தவர் 32 வருஷம் அசையவில்லை. 1908-லிருந்து 1916 வரை பிரதமராக இருந்ததும் இந்தத் தொகுதியின் எம்பியாகத்தான்.

பெண்களுக்கு ஓட்டுரிமை தரக்கூடாது என்று பிடிவாதமாக நின்ற பிரதமர் அவர் என்பதால், சஃப்ரஜெட் போராளிகளின் கோபம் அவருடைய தொகுதி வரைக்கும் தேடி வந்தது. 1913-இல் லூக்கர்ஸ் ரயில் நிலையம் எரிந்தது அந்தக் கோபத்தில்தான். அடுத்த ஐந்தே வருஷத்தில், 30 வயது தாண்டிய பெண்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடைத்து நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே ஆஸ்குவித் இங்கே தோற்றார். அவர்கள்தான் தோற்கடித்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது, பெண்களின் ஓட்டைத் தனியாக யாரும் எண்ணி வைக்கவில்லை. ஆனால் அதைப் படிக்கும்போது எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு வரத்தான் செய்தது.

அந்த 1918 தேர்தலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிசம்பர் 14 ஓட்டுப்பதிவு. போர்முனையில் இருந்த சிப்பாய்களின் ஓட்டு வந்து சேர வேண்டும் என்பதற்காகப் பெட்டிகளை இரண்டு வாரம் பூட்டி வைத்து 28-ஆம் தேதி எண்ணினார்கள். ஆஸ்குவித்தை எதிர்த்தவர் கர்னல் அலெக்சாண்டர் ஸ்ப்ராட். 1910-இல் இதே ஆஸ்குவித்திடம் மண்ணைக் கவ்வியவர். அன்றைய பிரதமர் லாயிட் ஜார்ஜும் கன்சர்வேட்டிவ் தலைவர் போனர் லாவும் தங்கள் கூட்டணி வேட்பாளர்களுக்குக் கொடுத்த அந்தப் புகழ்பெற்ற ஆதரவுக் கடிதம்கூட ஸ்ப்ராட்டுக்குக் கிடைக்கவில்லை. முன்னாள் பிரதமர் மேல் வைத்த மரியாதை. மனிதர் அது இல்லாமலே நின்று 2,002 ஓட்டில் ஜெயித்தார்.

இன்னொரு விஷயமும் நடந்தது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. அதுவரை செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆஸ்குவித்தின் தொகுதியிலேயே இல்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ், கூப்பர், ஆன்ஸ்ட்ரதர் மாதிரி ஊர்களை எல்லாம் சேர்த்து செயின்ட் ஆண்ட்ரூஸ் பர்க்ஸ் என்று தனித் தொகுதி வைத்திருந்தார்கள். 1918-இல் அதைக் கலைத்து ஈஸ்ட் ஃபைஃபில் சேர்த்துவிட்டார்கள். ஆக 32 வருஷம் அவரைத் தாங்கிய வாக்காளர் பட்டியலே அன்று கிடையாது. கோடு மாறியது, பட்டியல் மாறியது, போர்க்கால மனநிலை வேறு. இவ்வளவையும் விட்டுவிட்டு "மக்கள் அவரைத் தூக்கி எறிந்தார்கள்" என்று ஒரே வரியில் முடிப்பது சோம்பேறித்தனம்.

சொல்ல மறந்துவிடப் போகிறேன், அந்தப் பழைய செயின்ட் ஆண்ட்ரூஸ் பர்க்ஸில் 1885-இல் இரண்டு வேட்பாளர்களும் சரிசமமான ஓட்டு வாங்கி நின்றிருக்கிறார்கள்! வழக்குக்குப் போய்த்தான் ராபர்ட் ஆன்ஸ்ட்ரதர் எம்பி ஆனார். இழுபறி இந்த மண்ணுக்குப் புதுசில்லை.

அதற்குப் பிறகு இருபதுகளில் லிபரலும் கன்சர்வேட்டிவும் மாறி மாறி வந்தார்கள். 1933 இடைத்தேர்தலில் ஐந்து முனைப் போட்டி: விவசாயிகள் பேரைச் சொல்லி ஒருவர், ஸ்காட்லாந்து தேசியவாதிகள் சார்பில் நாவலாசிரியர் எரிக் லிங்க்லேட்டர், இப்படி. லிங்க்லேட்டருக்கு டெபாசிட் போனது. தேசியவாதிகளுக்கு அன்று டெபாசிட் போன மண்ணில்தான் 2015-இல் கெதின்ஸ் 4,000-க்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். நடுவில் 82 வருஷம். 1961 இடைத்தேர்தலில் லேபர் சார்பில் 23 வயசுப் பையன் ஒருவர் நின்று தோற்றார், 1964-இல் மறுபடி நின்று மறுபடி தோற்றார். பின்னால் லேபர் கட்சியின் தலைவரான ஜான் ஸ்மித்தான் அந்தப் பையன்.

1983-இல் எல்லையை மாற்றி நார்த் ஈஸ்ட் ஃபைஃப் என்று பெயர் வைத்தார்கள். லிபரல் கட்சியின் (பின்னால் அதுதான் லிபரல் டெமாக்ரட்) மென்ஜீஸ் கேம்ப்பெல் காலம் அதன் பிறகு. மனிதர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர், 100 மீட்டரில் பிரிட்டிஷ் சாதனை வைத்திருந்தவர். ஓட்டப்பந்தயத்தில் வேகம், தேர்தலில் பொறுமை! 1979-இல் ஈஸ்ட் ஃபைஃபில் நின்று தோல்வி, 1983-இல் தோல்வி, 1987-இல் வெற்றி. 2015-இல் அவராக ஒதுங்கும்வரை 28 வருஷம் யாராலும் அசைக்க முடியவில்லை. 2010-இல் வித்தியாசம் 9,000-ஐத் தாண்டியது. இப்படி விட்ட தொகுதியில் விடாமல் உட்கார்ந்து, வாசல் வாசலாக ஏறி இறங்கிப் பிடிக்கும் அரசியல் மேல் எனக்கு மரியாதை உண்டு. தொகுதிக்கு ஒரே எம்பி, அதிக ஓட்டு வாங்கியவருக்கே இடம் என்கிற முறையின் நல்ல முகம் இது, மறுப்பதற்கில்லை.

ஆனால் 2014-இல் நடந்த சுதந்திர வாக்கெடுப்புக்குப் பிறகு ஸ்காட்லாந்தில் கேள்வியே மாறிவிட்டது. சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் ஒவ்வொரு ஓட்டுக்கும் பின்னால் நிற்கிறது. வேண்டும் என்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே கட்சி, வேண்டாம் என்பவர்களுக்கு மூன்று. 2015-இல் எஸ்என்பி பாதி ஓட்டு வாங்கி 59-க்கு 56 இடங்களை அள்ளியது அப்படித்தான். 2017-இல் இங்கே மூன்றாவதாக வந்த கன்சர்வேட்டிவுக்கு 10,088 ஓட்டு. லேபருக்கு 4,026. இவர்களில் எத்தனை பேர் இரண்டாவது விருப்பமாக ரிச்சஸைச் சொல்லியிருப்பார்கள், எத்தனை பேர் கெதின்ஸைச் சொல்லியிருப்பார்கள்? கேட்கவே இல்லை. பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டால் முடிந்தது கதை.

என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் 2019. கெதின்ஸ் 18,447 ஓட்டு வாங்கினார், முந்தைய தடவையைவிட 4,704 அதிகம். தோற்றார்! லிபரல் டெமாக்ரட் சார்பில் நின்ற முன்னாள் போலீஸ் அதிகாரி வெண்டி சேம்பர்லின் 19,763 வாங்கி 1,316 வித்தியாசத்தில் ஜெயித்தார். 13,743 வாங்கினால் எம்பி, 18,447 வாங்கினால் வீட்டுக்கு. கெதின்ஸ் இரண்டரை வருஷத்தில் கெட்டுப்போய்விட்டாரா என்ன? கன்சர்வேட்டிவ் ஓட்டு சரிந்தது, எதிரணி ஒரே இடத்தில் திரண்டது, அவ்வளவுதான். மனசில் இருப்பவருக்குப் போடுவதை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குப் போடுவார் என்று யூகித்துப் போட வைக்கிறது இந்த முறை. அந்த யூகம் 2017-இல் பலிக்கவில்லை, 2019-இல் பலித்தது.

வேடிக்கை என்னவென்றால், இங்கே மோதிக்கொண்ட இரண்டு கட்சிகளுமே கொள்கை அளவில் இந்த முறையை எதிர்ப்பவர்கள். லிபரல் டெமாக்ரட்டுக்கும் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் (வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற அளவு இடம்) வேண்டும், எஸ்என்பிக்கும் வேண்டும். 2011-இல் விருப்ப வரிசைப்படி ஓட்டு போடும் முறை வேண்டுமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பே நடத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்று அது ஜெயித்திருந்தால் நார்த் ஈஸ்ட் ஃபைஃபில் இரண்டு ஓட்டுக் கதை என்று ஒன்று இருந்திருக்காது.

"முறை எதுவானாலும் சில இடத்தில் நூலிழைதான் வரும்" என்று சொல்வார்கள். வரட்டும். 1997-இல் இங்கிலாந்தின் வின்செஸ்டரிலும் இதே இரண்டு ஓட்டுதான். தோற்றவர் வழக்குப் போட்டு, அதிகாரபூர்வ முத்திரை விழாத சீட்டுகளைக் காரணம் காட்டித் தேர்தலை ரத்து செய்ய வைத்தார். மறுதேர்தலில் அதே மனிதர் 21,556 வித்தியாசத்தில் தோற்றார். இரண்டு ஓட்டு ஜெயிப்பும் 21,000 ஜெயிப்பும் ஒரே ஊரில் ஆறு மாத இடைவெளியில் வருகிறது. முதல் எண் மக்களின் மனசைக் காட்டியதா, இரண்டாவதா? எனக்கு இரண்டின் மேலும் சந்தேகம்தான்.

ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு 1999-லிருந்தே வேறு முறை: தொகுதிக்கு ஒரு ஓட்டு, மண்டல அளவில் கட்சிகள் தரும் வேட்பாளர் பட்டியலுக்கு ஒரு ஓட்டு. லிபரல் டெமாக்ரட் கட்சியின் வில்லி ரென்னி 2011-இல் பட்டியல் வழியாக உள்ளே வந்தார், 2016-இல் நார்த் ஈஸ்ட் ஃபைஃபை எஸ்என்பியிடமிருந்து நேரடியாகப் பிடித்தார். தொகுதியில் தோற்ற கட்சிக்குப் போட்டவனுக்கும் பட்டியலில் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. குறை இல்லாத முறை இல்லை, பட்டியலில் யார் பெயர் எத்தனாவது என்பதைக் கட்சி தீர்மானிக்கிறது. இருந்தாலும் 28,000 பேரைக் கணக்கில் வராமல் அனுப்புவதற்கு இது மேல்.

இனி அங்கே இரண்டு ஓட்டு நாடகம் வருமா? 2024-இல் சேம்பர்லின் 13,479 வித்தியாசத்தில் ஜெயித்தார், இப்போதைக்கு பாதுகாப்பான தொகுதி மாதிரித் தெரிகிறது. கெதின்ஸ் ஃபைஃபுக்கு வடக்கே டே கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் ஆர்ப்ரோத் அண்ட் ப்ராட்டி ஃபெர்ரியில் நின்று ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்து மறுபடி உள்ளே போய்விட்டார். மனிதரின் ஜாதகத்தில் நூலிழைதான் எழுதியிருக்கிறது போல.

கடைசியாக, செயின்ட் ஆண்ட்ரூஸில் படிக்கும் நம்ம பிள்ளைகளுக்கு ஒன்று. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை வைத்திருப்பவர்கள் காமன்வெல்த் நாட்டவர் என்ற கணக்கில் பிரிட்டிஷ் பொதுத்தேர்தலிலேயே ஓட்டு போடலாம், 18 வயசும் சரியான விசாவும் இருந்தால் போதும். ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு 16 வயசு போதும். மாணவர்கள் வீட்டு முகவரியிலும் கல்லூரி முகவரியிலும் பதிந்துகொள்ளலாம், ஆனால் பொதுத்தேர்தலில் ஒரே இடத்தில்தான் ஓட்டு. பிரிட்டிஷ் பொதுத்தேர்தலுக்கு வாக்குச்சாவடியில் போட்டோ அடையாள அட்டை கேட்பார்கள், பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்காட்டிஷ் தேர்தலுக்கு அது தேவையில்லை. பெயரைப் பதிய ஆன்லைனில் ஐந்து நிமிஷம்தான் ஆகும்.