முதல் விமானம் மோதியதை டிவியில் யாரும் நேரலையாகப் பார்க்கவில்லை

2001-ல் நியூயார்க்கின் உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரங்களில் பயங்கரவாதிகள் விமானங்களை மோதிய செப்டம்பர் 11 வந்தாலே ஒரு ஃபார்வர்டு சுற்ற ஆரம்பித்துவிடும்: 'முதல் விமானம் இடித்ததையே லைவாகப் பார்த்தவர்கள் நாம், அப்படியானால் சேனல்காரர்களுக்கு முன்பே தெரியும்' என்று. தவறு. வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியது நியூயார்க் நேரம் காலை 8:46, நமக்கு மாலை 6:16. சிஎன்என் நேரலைக்கு வந்ததே சுமார் மூன்று நிமிடம் கழித்துத்தான், அப்போது திரையில் இருந்தது வெறும் புகை. மோதிய நொடி பதிவானது, தீயணைப்பு வீரர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போயிருந்த ஜூல்ஸ் நோதே என்ற பிரெஞ்சுக்காரரின் கேமராவில். அது டிவிக்கு வரப் பல மணி நேரம் ஆனது. நேரலையில் எல்லோரும் பார்த்தது இரண்டாவது விமானத்தை, நம் நேரம் 6:33-க்கு.

சரி, சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? அதுவும் இல்லை. அப்போதைய அமெரிக்க அதிபர் புஷ்ஷே அந்த ஆண்டு டிசம்பரில், தாக்குதல் நாளன்று தான் போயிருந்த பள்ளியின் வகுப்பறைக்குள் நுழையும் முன் முதல் விமானம் மோதியதை டிவியில் பார்த்ததாகச் சொல்லி, சதிக்கதைக்காரர்களுக்குத் தீனி போட்டார். பின்னால் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சியை மனசு முன்னால் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தாக்குதலுக்கு மறுநாளே மாணவர்களின் நினைவுகளை எழுதி வாங்கி, மாதங்கள் கழித்து மறுபடி கேட்டார்கள்; சாதாரண நாள் நினைவைப் போலவே இதுவும் மாறியிருந்தது, 'எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது' என்ற உறுதி மட்டும் குறையவே இல்லை.