டைனோசர்களுக்கும் பெரட்டு

(இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மழை விட்டபாடில்லை. ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளையான மாமனாரும் முன்பள்ளி ஆசிரியையான மருமகளும் வரிசை வீடுகளின் முன் திண்ணையான இஸ்தோப்பில் இருக்கிறார்கள். தரையில் டைனோசர் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. நான்கு வயதுப் பேரன் உள்ளே உறங்குகிறான்.)

மாமனார்: கால் வைக்க இடமில்லையே அம்மா! காலையில் தொழிலாளரை ஆள் கணக்கெடுக்க நிறுத்துவதுபோல், இந்த மிருகங்களையெல்லாம் பெரட்டுக்கு நிறுத்தியது யார்?

மருமகள்: உங்கள் பேரன்தான், மாமா. மிதித்துவிடாதீர்கள், அவை அவனுடைய கணக்குப் பாடம்.

மாமனார்: நூறு வரைக்கும் மூச்சு விடாமல் சொல்கிறவனுக்கு இனி என்ன கணக்குப் பாடம்?

மருமகள்: நூறு வரைக்கும் சொல்கிறான், ஆனால் போன வாரம் இந்த ஏழு டைனோசர்களை எண்ணச் சொன்னபோது பதினொன்று என்றான். விரல் ஒன்றைத் தொடுவதற்குள் வாய் மூன்றைத் தாண்டிவிடுகிறது. ஒரு பொருளுக்கு ஓர் எண்தான் என்பதும், கடைசியாகச் சொல்லும் எண்ணே மொத்தத் தொகை என்பதும் மனத்தில் படியாத வரையில், நூறு வரை ஒப்பிப்பது பொருள் தெரியாமல் தேவாரம் பாடுவதைப் போன்றதுதான்.

மாமனார்: ஏழு பேர் நின்ற மலைக்குப் பதினொரு பேர் போட்டானா? தோட்டத்துரை கண்டிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்! அது சரி, எண்ணிப் பழகுவதற்குப் புளியங்கொட்டை போதாதா?

மருமகள்: புளியங்கொட்டையைக் கொடுத்தால் மூக்கில் போட்டுக்கொள்கிறான். அதோடு கொட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இவற்றை எத்தனை விதமாகவும் பிரித்து அடுக்கலாம். ட்ரைசெராடொப்ஸுக்கு மூன்று கொம்புகள், ஸ்டெகோசொரஸின் வாலில் நான்கு முட்கள், டைரனோசொரஸின் கைக்கு இரண்டே விரல்கள். எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் மூன்று, நான்கு என்று கண் பிடித்துக்கொள்வதும் கணக்கில் ஒரு படிதான்.

மாமனார் (டைரனோசொரஸைக் கண்ணாடிக்கு அருகே பிடித்து): கொழுந்து கிள்ள இரண்டு விரல் தாராளமாகப் போதும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பதமாகச் சிக்கும். ஆனால் இந்தக் கை முதுகுக் கூடைக்கு எட்டாதே! அரைப்பேருக்கு, அதாவது அரைநாள் சம்பளத்துக்கு, மேல் போட முடியாது.

மருமகள்: அது 12 மீற்றர் நீளமுள்ள பிராணி, மாமா. அரைப்பேர் போட்டால் உங்களை முழுதாக விழுங்கிவிடும்.

மாமனார்: ஏறக்குறைய நாற்பது அடி. ஒரு வரிசை வீட்டு அறையைப் பத்தடிக் காம்பரா என்று வைத்தாலும் நான்கு காம்பராக்கள். எந்தத் தோட்டத்தில் இருக்கிறது?

மருமகள்: எங்கும் இல்லை. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது.

மாமனார்: அப்படியானால் செக்ரோலில், அதுதான் ஆள் பதிவேட்டில், பெயரை வெட்டிவிடலாம். ஓய்வுக்காலச் சேமலாப நிதியை யார் எடுத்தார்களோ!

மருமகள்: கேளுங்கள். நேற்று 12 மீற்றர் கயிற்றை இஸ்தோப்பு நெடுக இழுத்துவிட்டு, குதிகாலைக் கால்விரலோடு ஒட்டி வைத்து நடந்து அளக்கச் சொன்னேன். வால் நான்காம் வீட்டு வாசலுக்குள் போய், அந்த அக்காவின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு திரும்பியது. பிறகு நானும் நடந்தேன். தன் காலுக்கு அதிகமாகவும் என் காலுக்குக் குறைவாகவும் வருவது ஏன் என்று கேட்டான் பாருங்கள், அந்தக் கேள்விக்காகத்தான் அவ்வளவு ஏச்சையும் பொறுத்துக்கொண்டேன். இன்னும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஏழையும் அகட்டி வைத்தால் கூடிவிட்டது என்கிறான், நெருக்கி வைத்தால் குறைந்துவிட்டது என்கிறான். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது இயல்பு என்று பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் சோதித்துக் காட்டியிருக்கிறார்.

மாமனார்: கொழுந்தை அமுக்கிக் கட்டினாலும் உதறிக் கட்டினாலும் தராசு ஒன்றைத்தான் சொல்லும்.

மருமகள்: தராசு சொல்லும், கணக்கப்பிள்ளை சொல்வாரா? காலையில் அவன் உங்களிடமிருந்து அழுதுகொண்டு வந்தானே, என்ன நடந்தது?

மாமனார்: பாடத்துக்கு நானும் ஒத்தாசை செய்தேன். ஏழையும் கூடையில் போட்டு நிறுவைக்குக் கொண்டுவந்தான். நான் ஆறு என்று எழுதினேன்.

மருமகள்: ஏன் மாமா?

மாமனார்: மழை நாளில் ஈரத்துக்குக் கழிக்காமல் யார் எழுதுவார்கள்? பழகிய கை.

மருமகள்: அவன் என்ன சொன்னான்?

மாமனார்: கூடையை என் காலடியில் கவிழ்த்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, ஏழு என்றான். "ஈரமப்பா" என்றேன். என் துவாயை எடுத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடியும் எண்ணினான். அப்போதும் ஏழுதான். என் உத்தியோக காலத்தில் இவன் கூடை தூக்கி வந்திருந்தால் நான் சீக்கிரமே ஓய்வு வாங்கியிருப்பேன்.

மருமகள்: பதினொன்று சொன்ன பிள்ளை பிசகாமல் எண்ணியிருக்கிறானே! (வரிசையைப் பார்த்து) ஆனால் மாமா, இங்கே ஆறுதானே நிற்கிறது?

மாமனார் (சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு): சத்தம் போடாதே அம்மா, எழுந்துவிடுவான். செக்ரோலில் ஆறு என்று மையால் எழுதியாகிவிட்டது; அடித்துத் திருத்தினால் துரைக்கு யார் பதில் சொல்வது?