கட்டுரையாளர் கால்களைப் பார்க்கவில்லை போலும்

உங்கள் கட்டுரையில், இங்கிலாந்தின் சிற்றூர் கிளப்புகளில் நடக்கும் ஆர்கன் இசை மாலைகளை "முதியோருக்கான கீபோர்டு கச்சேரி" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். கீபோர்டு வேறு, ஆர்கன் வேறு ஐயா. ஹேமண்ட் பி-3 என்ற மின் ஆர்கனை எடுத்துக்கொள்ளுங்கள். கைகளுக்கு 61 கட்டைகள் கொண்ட இரண்டு வரிசைகள், கீழே பாதங்களால் மிதிக்க 25 கட்டைகள். பாஸ் என்னும் கீழ்ச்சுரங்களை வாசிக்கத் தனி ஆள் வேண்டாம், கால் பார்த்துக்கொள்ளும்.

நான் போயிருந்த மாலையில் வாசிப்பவரின் கால்களைக் கேமரா வைத்துத் திரையில் காட்டினார்கள். வலது கால் ஒலியளவு மிதியை விட்டு இறங்கவே இல்லை. இடது கால் மட்டும் ஓடியாடிக்கொண்டே இருந்தது. அரங்கில் பாதிப் பேர் கைகளைப் பார்க்கவேயில்லை! (இடைவேளையில் தேநீர், பரிசுச் சீட்டு. எனக்கு எதுவும் விழவில்லை.)

இன்னொன்று. பி-3ஐ முழு மின்னணுக் கருவி என்பதும் சரியல்ல. 1935இல் லாரன்ஸ் ஹேமண்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஆர்கனைப் போலவே இதிலும் ஓசை பிறப்பது மோட்டார் சுழற்றும் உலோகச் சக்கரங்களில்தான். பி-3இல் அவை 91. அதனால்தான் 'ஸ்டார்ட்' விசையைச் சில விநாடிகள் பிடித்திருந்து, பிறகு 'ரன்' விசையைப் போடுகிறார்கள். அந்த அலையாடும் நாதமோ லெஸ்லி ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் ஒலியை வெளிவிடும் கொம்புக்குழல் சுழல்வதால் வருவது. அது மெல்ல வேகமெடுக்கும் கணத்தை நேரில் கேட்க வேண்டும். பதிவில் பாதிகூடக் கிடைக்காது.